இரும்புச் சட்டியில் பீச் பழம்

ஏஞ்சலா பீச் பழங்களைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களால் பழத்தைப் பிடித்து, வலது கையால் தோலை இழுத்தாள். தோல் வழுக்கிக்கொண்டு முழுசாகக் கழன்று வந்தது. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவளை அடித்தவன் என் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போகிறான். அவனுக்குப் பிடித்த சாப்பாட்டை, அவன் முறித்த கையாலேயே இவள் செய்துகொண்டிருக்கிறாள். என் கூடப்பிறந்த தங்கை இப்படி ஒரு மடைச்சியாக இருப்பாள் என்று நான் நினைத்ததேயில்லை.

வேரோனிக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி இந்தக் கண்ணைக் காட்டி வருகிறாள். நானும் ஒருநாளும் மூடியதில்லை.

"ஆருக்கு உது?" என்றேன்.

"சாப்பிடுற ஆக்களுக்கு," என்றாள் ஏஞ்சலா. தலை நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் விட்பி ரெயில் ஸ்டேஷனில் இருந்து ஃபோன் அடித்தாள். "அண்ணா, வந்து ஏத்து." வேறொன்றும் சொல்லவில்லை. போனால், வாங்கில் ஒரு ஹாண்ட்பாக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். கீழுதடு வெடித்திருந்தது. கையை மடியில் வைத்து மற்றக் கையால் பொத்தியிருந்தாள். காரில் ஏறியதிலிருந்து நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பித் திருப்பிப் பதில் சொன்னாள். ஏன் இப்படித் திரும்புகிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காரை ஓரமாக நிற்பாட்டிவிட்டேன். இடது காது கேட்கவில்லை. வலக்கைக்காரன் அறைந்தால் இடது காதில்தானே விழும்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, மூடினாலும் மூடும், மூடாமலும் விடும் என்றார் டொக்டர். நேர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக அவளிடம் கேட்டாள். பொலிசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வீடு வரும்வரை கத்திக்கொண்டே காரோட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கேளாத காது என் பக்கம் இருந்தது.

அடுத்த நாள் அவளுடைய புருஷன் ஜூலியஸ் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய உடுப்பு எடுக்க அஜின்கோர்ட்டிலுள்ள அப்பார்ட்மெண்டுக்குப் போனேன். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து ட்ரைவோல் வேலைதான் செய்கிறேன். சுவர்ப் பலகை பூட்டுவது, பூசுவது, ஓட்டை அடைப்பது. எத்தனையோ வீட்டு ஓட்டைகளைப் பார்த்தாயிற்று. கதவுக் குமிழ் இடித்த ஓட்டை வட்டமாக இருக்கும். கையால் குத்திய ஓட்டையில் கடுதாசி கிழிந்து உள்ளே மடிந்திருக்கும். அவர்கள் வீட்டு நடையில் இயேசுவின் திரு இருதயப் படத்தை யாரும் மாட்டாத அளவுக்குத் தாழ்வாக மாட்டியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தேன். கடுதாசி கிழியவில்லை. உள்ளே ஜிப்சம் மா நொருங்கி, சுவர் ஒரு கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. அப்படிக் குழியப் பண்ணுவது ஒன்றுதான். குழியின் உயரம் என் நெஞ்சு. ஏஞ்சலா என் பக்கத்தில் நின்றால் அவளுடைய தலை அங்கேதான் வரும்.

உள்ளங்கையை அந்தக் குழிக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் ஜூலியஸ் கதவைத் திறந்து வந்திருந்தால் அவனைக் கொன்றிருப்பேன். கோபத்தில் எல்லாரும் சொல்கிற கதையில்லை இது. எதால் அடிப்பது, எங்கே அடிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவன் வரவில்லை. படத்தை மாட்டாமல், முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிலத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மனுவேற்பிள்ளை அங்கிள் ஃபோன் எடுத்தார். ஜூலியசின் பெரியப்பா. கோயிலில் பெரிய கை. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவரே.

"தம்பி அகஸ்ரின், நாளைக்குப் பூசை முடிய வாறம். இருந்து கதைச்சுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறம். உதைப் பெருப்பிக்கக் கூடாது, என்ன?"

கேட்க வருகிறோம் என்றில்லை, கூட்டிக்கொண்டு போகிறோம் என்கிறார். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ கோபதாபமோ பேச வந்தால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். தண்ணீர்கூட வாயில் படாது. பேசி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தால் எல்லாம் தீர்ந்தது என்று பொருள். அதற்குப் பிறகு ஒருவரும் பழசைக் கிளறக்கூடாது. ஆகவே வேரோனிக்கா முதல்நாளே முடிவெடுத்துவிட்டாள். "தேத்தண்ணியும் வைக்கமாட்டன். அடுப்பே மூட்டமாட்டன். காய்ஞ்சுபோய் எழும்பிப் போகட்டும்." எங்களிடம் இருந்த ஒரே திட்டம் அதுதான். அதைத்தான் ஏஞ்சலா பீச் பழத்தைப் போட்டு மெழுகி அழித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில், ஓகஸ்டில் நயாகராப் பக்கத்துப் பீச் பழங்கள் வரத் தொடங்கினால் கொப்ளர் என்ற இந்த இனிப்பைச் செய்வார்கள். கேக்குமில்லை, புடிங்குமில்லை. வேரோனிக்கா ஒரு காலத்தில் ஸ்டேக் பொரிக்கப் போகிறேன் என்று ஆசைப்பட்டு வாங்கி, பிறகு தூக்கவே முடியவில்லை என்று அலுமாரிக்குள் தள்ளிய இரும்புச் சட்டியை ஏஞ்சலா தேடி எடுத்திருந்தாள். நீளக் கைப்பிடி வைத்த சட்டி. அதில் பட்டரைப் போட்டு ஓவனுக்குள் வைத்து உருக்கினாள். மாவு, சீனி, பால் கரைத்த கூழை அதன்மேல் வார்த்தாள். கூழுக்கு மேல் சீனியில் ஊறிய பழத்துண்டுகளைச் சாறோடு பரப்பினாள். வேரோனிக்காவுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு கிட்டப் போனாள்.

"கிண்டாதேங்கோ அண்ணி!"

"கிண்டாட்டி அடிப்பிடிக்குமடி."

"கிண்டினாத்தான் பழுதாப் போகும். சும்மா விட்டாக் கூழ் தன்ரபாட்டில பழத்துக்கு மேல வரும்."

வேரோனிக்கா நம்பவில்லை. எங்கள் வீடுகளில் கிண்டாமல் எதுவும் வெந்ததில்லை. கரண்டியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஓவனின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கராஜுக்குப் போய் என் வேலைப் பையைத் திறந்தேன். ட்ரைவோல் சுத்தியலுக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கோடரி மாதிரிக் கூர். அதைக் கொண்டுவந்து வாசலில் செருப்புத் தட்டுக்குப் பின்னால் செருகினேன். நிமிர்ந்தால் ஏஞ்சலா நிற்கிறாள்.

"எடு அதை."

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"அண்ணா, நீ அவனுக்கு ஒரு அடி அடிச்சாலும் வாற பொலிஸ் உன்னைத்தான் கொண்டுபோகும். பிறகு நான் சொல்லுறதை ஆர் கேப்பினம்? ரெண்டு குடிகாரர் அடிபட்ட மாதிரித்தான் எழுதுவாங்கள். உனக்கு அடிக்கோணும் மாதிரி இருந்தா, கையைத் தொடைக்குக் கீழ வைச்சுக்கொண்டு இரு."

"நீ திரும்பிப் போகப்போறியோ? அதைச் சொல்லு முதல்."

சுத்தியலை அவளே எடுத்துக்கொண்டு போய்க் கராஜில் வைத்தாள். ஒரு கையால் தூக்கியபோது பாரத்தில் தோள் ஒரு பக்கம் சரிந்தது. போவதென்றால் போவேன் என்று சொல்லிவிட்டால்கூட எனக்கு ஆறியிருக்கும். எதையும் சொல்லாமல் போனதுதான் என்னைக் கொன்றது.

வந்தார்கள். மனுவேற்பிள்ளை அங்கிள் கோட் போட்டிருந்தார். ஜூலியசின் தாய் றீற்றா மாமி வாசலிலேயே கண்ணைத் துடைத்தாள். பின்னால் ஜூலியஸ், வெள்ளைச் சேர்ட் போட்டு, தலையை வாரி இழுத்து, கோயிலில் முதல் நன்மை வாங்க வந்த பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு. உள்ளே வந்ததும் மூன்று பேருக்கும் அந்த மணம் அடித்தது. பட்டரும் பழமும் சீனியும் சேர்ந்து வேகும் மணம். றீற்றா மாமியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அங்கிளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். காரியம் முடிந்தது என்று மூன்று பேரும் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். நானும்தான். நான் சோபாவில் இருந்து கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்தேன். ஏஞ்சலா குசினிக்குள்ளேயே நின்றாள். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் இல்லை. எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிள் தொண்டையைச் செருமினார். "கோயில்ல நாலு பேருக்கு முன்னால குடுத்த வாக்கு. ஆம்பிளை வேலைக் களைப்பில வாறவன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லு வந்திட்டுது. கை பட்டிட்டுது. அவன் செய்தது பிழைதான். அவனே ஒத்துக்கொள்ளுறான். சொல்லு தம்பி."

"சொறி மச்சான்," என்றான் ஜூலியஸ் என்னைப் பார்த்து. அடி வாங்கியவள் அந்தப் பக்கம் நிற்கிறாள், இவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். கண்ணாடியை உடைத்தவன் கடைக்காரனிடம் கேட்பது மாதிரிக் கேட்டான்.

"கை பட்டதோ?" என்றேன். "சுவர் குழிஞ்சிருக்கு. நான் பார்த்தனான்."

"அவள் தடக்கி விழுந்தது மச்சான் அது."

"காது உயரத்தில தடக்கினவளோ?"

"தம்பி, தம்பி," என்று அங்கிள் கையை உயர்த்தினார். "கிளறினா முடியாது. ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் தன்ரபாட்டில சரிவரும். ஆஸ்பத்திரியில ஏதும் கேட்டிருந்தாலும் பிள்ளை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பிரச்சினையை வெள்ளைக்காரனிட்டக் கொண்டுபோய்க் குடுக்கிறதே?"

என் விரல்கள் தொடைக்குக் கீழே மரத்துப்போயிருந்தன. வேரோனிக்கா எனக்குப் பக்கத்தில் வந்து என் தோளில் கையை வைத்தாள். ஆறுதலுக்கு வைத்ததா, எழும்பவிடாமல் அமத்தியதா தெரியவில்லை. அப்போது ஓவன் பீப் என்று கத்தியது.

ஏஞ்சலா இரண்டு தடித்த துணிகளைக் கைப்பிடியில் சுற்றி, கட்டுப் போட்ட கையைத் துணிக்கு அடியில் அண்டக்கொடுத்துச் சட்டியைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் மரப்பலகை ஒன்றின்மேல் வைத்தாள். அவள் சொன்னபடியே கூழ் பழத்துக்கு மேலே வந்து பொன்னிறமாக வெடித்திருந்தது. ஓரங்களில் சாறு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஜூலியசின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வென்றவனுடைய சிரிப்பு. அங்கிள் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு எழும்பினார். "அதுதானே பார்த்தன். எங்கட பிள்ளை எங்கட பிள்ளைதான். வாங்கோ, சாப்பிட்டிட்டு வெளிக்கிடுவம்." மூன்று பேரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஏஞ்சலா ஒரு பிளேட் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி கொண்டுவந்தாள். கதிரையை இழுத்து உட்கார்ந்து, சட்டியிலிருந்து அள்ளித் தன்னுடைய பிளேட்டில் போட்டாள். ஊதினாள். ஒரு வாய் சாப்பிட்டாள். வெடித்த உதட்டில் சூடு பட்டிருக்க வேண்டும், கண் கலங்கியது. விழுங்கிவிட்டு அடுத்த வாயை அள்ளினாள். இன்னும் பிளேட் வரும் என்று றீற்றா மாமி குசினியைப் பார்த்தாள். வேரோனிக்கா அசையவில்லை.

"பிள்ளை, எங்களுக்கு?" என்றார் அங்கிள் கடைசியில்.

"இல்லை அங்கிள். உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை. இது எங்கட வீட்டு ஆக்களுக்கு." வேரோனிக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, நீங்களும் அண்ணாவும் வந்து சாப்பிடுங்கோ. சூடு ஆற முதல்."

இப்படி ஒரு அடியை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசையில் இருத்திவைத்து, முன்னுக்கு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, உனக்கில்லை என்று சொல்வது. எங்கள் சனத்தில் பகையாளி வீட்டில்கூட அது நடக்காது. அங்கிளின் முகம் கறுத்தது. றீற்றா மாமி, "என்ர பிள்ளையை நாயெண்டு நினைச்சியோடி?" என்று தொடங்கினாள். வேரோனிக்கா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, போய் ஒரு கரண்டியோடு ஏஞ்சலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மனைவியை அன்றைக்குத்தான் கட்டியது போல இருந்தது எனக்கு.

ஜூலியஸ் எழும்பினான். ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் அவனுடைய பழக்கமாக்கும். மேசையைச் சுற்றி அவளுடைய இடது பக்கமாக வந்தான். அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள். நான் கையை வெளியே எடுத்துப் பாய்ந்தேன், சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் தூரம் அதிகம். அவன் அவளுடைய தலைக்கு மேலாகக் கையை நீட்டி, அவளுக்கு எறிவதற்கோ சுவருக்கு எறிவதற்கோ, சட்டியின் கைப்பிடியை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துத் தூக்கினான்.

அந்தச் சூட்டில் இரும்பு சிவக்காது. குளிர்ந்த சட்டியும் கொதிக்கிற சட்டியும் பார்வைக்கு ஒன்றுதான். கைப்பிடியில் சுற்றியிருந்த துணிகள் ஏஞ்சலாவின் மடியில் கிடந்தன. வேண்டுமென்று எடுத்தாளா, பழக்கத்தில் எடுத்தாளா, நான் இன்றுவரை கேட்கவில்லை. அவனுடைய கை விரியவில்லை. உடனே விட முடியாமல் ஒரு கணம் பிடித்தபடி நின்றான். பிறகு அவனிடமிருந்து வந்தது மனிதச் சத்தமில்லை. சட்டி கவிழ்ந்து, கொதித்த சாறு மணிக்கட்டிலும் சேர்ட்டிலும் ஊற்றி, நிலத்தில் விழுந்து டைல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. பட்டர் மணத்தோடு இன்னொரு மணம் சேர்ந்தது. "பற்பசை! பற்பசை கொண்டாங்கோ!" என்று றீற்றா மாமி கத்தினாள்.

நான் அதற்குள் அவனைச் சட்டையில் பிடித்துச் சுவரோடு சாத்தியிருந்தேன். நானே பூசிய சுவர். முஷ்டி தோளுக்கு மேலே போய்விட்டது. அவனுடைய முகம் எனக்கு ஒரு முழத்தில், வாய் திறந்து, கண்ணீர் ஓடிக்கொண்டு. அடித்தால் என்ன மாதிரி ஓட்டை விழும் என்று எனக்குத் தெரியும். அடிக்க வேண்டும் என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. பாவம் புண்ணியம் ஒன்றும் எனக்கு வரவில்லை.

"அண்ணா, விடு."

சத்தமாகச் சொல்லவில்லை. நான் விடவில்லை. அவள் எழும்பி வந்து, என் முஷ்டியைக் கவனிக்காமல், ஜூலியசின் எரிந்த கையை முழங்கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் வெறுஞ்சுவருக்கு முன்னால் கையை ஓங்கியபடி நின்றேன். சிங்கில் குளிர்த் தண்ணீரைத் திறந்து அவனுடைய உள்ளங்கையை அதன் கீழே பிடித்தாள். முதியோர் இல்லத்தில் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். பற்பசை பூசவிடவில்லை. அவன் விம்மினான். "பார்த்தியளே," என்றாள் றீற்றா மாமி அங்கிளிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மனசு விடுதோ அவளுக்கு? புருசன் எண்டா அதுதான்." அங்கிளும் தலையை ஆட்டினார். அந்த நேரத்தில்கூட அவர்களுக்கு அப்படித்தான் விளங்கியது. எனக்கும் பயம் பிடித்தது. அவள் அவனுக்கு ஊதிவிடுவாளோ என்றுகூட நினைத்தேன்.

வலது கையால் அவனைப் பிடித்தபடியே, ஏஞ்சலா கட்டுப் போட்ட கையின் விரல் நுனியால் சிங்குக்குப் பக்கத்து மேசையில் கிடந்த ஃபோனை அமத்தினாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், பொலிசா, தீயணைப்பா, அம்புலன்சா என்று கேட்டது.

"அம்புலன்ஸ்," என்றாள் ஏஞ்சலா. மூச்சு வாங்கினாள். "அண்ட் பொலிஸ்."

ஜூலியஸ் கையை இழுத்தான். அவள் விடவில்லை. தண்ணீருக்குக் கீழேயே பிடித்திருந்தாள்.

"பிள்ளை, கட் பண்ணு. உனக்குப் புண்ணியம் கிடைக்கும்," என்றார் அங்கிள். அவருடைய கோட் பட்டன் ஒன்று தவறிய துளைக்குள் பூட்டியிருந்தது. இவ்வளவு நேரமும் நான் கவனிக்கவில்லை.

யாருக்காவது காயமா என்று கேட்டது அந்தக் குரல்.

"யெஸ்," என்றாள் என் தங்கை. "டூ பீப்பிள்."

அந்தப் பெண் இன்னும் ஏதேதோ கேட்டாள். ஏஞ்சலா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். பெயர், விலாசம், எப்போது, எதால், இதற்கு முதல் எத்தனை தரம். கடைசிக் கேள்விக்கு மட்டும் தெரியாது என்றாள். வேரோனிக்கா நிலத்தில் முழங்காலிட்டு, பிளந்த டைலுக்கு மேலே கிடந்த பழத்தை வழித்துக்கொண்டு அழுதாள். நான் ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னலுக்குப் போனேன்.

வெளியே நல்ல வெயில். எங்கள் தெருப் பிள்ளைகள் நடுரோட்டில் வலையை வைத்து ஹொக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஏஞ்சலா செருப்பில்லாமல் ட்ரைவ்வேயில் இறங்கி ரோட்டோரம் போய் நின்றாள். தெரு முனையில் பொலிஸ் கார் திரும்பியது. சைரன் இல்லை. "கார்!" என்று ஒரு பெட்டை கத்தினாள். விளையாட்டு நின்றது. இரண்டு பேர் வலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தரதரவென்று ஓரத்துக்கு இழுத்தார்கள். கார் மெதுவாக, வீட்டிலக்கங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. ஏஞ்சலா கையை உயர்த்திக் காட்டினாள்.